ஒட்டிக்கொண்ட சார்ஜர்

அப்போது ஆம்பூர் பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, சார்ஜர் ஒயர் வாலாகத் தொங்கும் போனோடு வந்தார்.

"பின்னு லூசா இருந்துச்சிப்பா. கம்பெனி சொல்யூஷன் போட்டு ஒட்டிட்டேன். இப்ப சார்ஜே ஏற மாட்டேங்குது."

"ஷூ ஒட்டற பசைய போன்ல போடுவாங்களாம்மா?" என்று எரிந்து விழுந்தேன்.

"பேட்டரி வீக்குப்பா. சவுதியிலேர்ந்து பையன் பேசறப்ப பின்னு கழண்டா போன் செத்துடுது."

பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் ஏற்றிப் போட்டுக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மகனே கூப்பிட்டான்.

"நீ வாங்கிக் குடுத்த போனுக்கு இன்னாடா? சூப்பரா கீது" என்றார், அவன் பார்த்துவிடுவானோ என்பதுபோல் ஒயரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.