ஒரு வருஷ வாடகையை வேண்டாம் என்றபோது

கைக்குட்டையில் முடிந்த பணத்தை அவர் என் முன்னால் வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தவர். பேட்டையில் கடைசல் பட்டறை வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. மனைவியும் கைக்குழந்தையும் இங்கேயே. "ஒரு வருச வாடகை இருக்கு அண்ணாச்சி. சாப்பாட்டுக்கு அவ தையல் இருக்கு. நான் இல்லாத நேரம் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டுரக் கூடாது" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை, கொடுக்கல் வாங்கல் கூடாது, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குள் மனதில் கிணற்றுக்கு மோட்டார் வாங்கி மாட்டியே விட்டேன்.

மறுநாள் காலை, அவர் வெளியே போன நேரம் பார்த்து மனைவி வந்தாள். "வாங்காதீங்க அண்ணாச்சி" என்றாள். எனக்குப் புரியவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி பையச் சொன்னாள்: "எங்கண்ணனும் இப்படித்தான் வாடகை, கடன் எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டுப் பம்பாய்க்குப் போனான். அனுப்ப வேண்டியது ஒண்ணுமில்லன்னு ஆனதும் கடுதாசியும் நின்னுபோச்சு. எங்கன இருக்கான்னே தெரியல. பாக்கி இருக்க வீட்டுக்குத்தான் ஆம்பளைக்கு நெனப்பு ஓடும். நான் சொன்னேன்னு அவுகட்ட சொல்லிராதீங்க." எத்தனையோ பேரிடம் சொலவடை கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன், நெனப்பு ஓடுவதைப் பற்றி அவள் சொன்னதற்கு ஈடு கிடையாது.

சாயங்காலம் அவரிடம், "மொத்தமா வேண்டாம்வே. கையில இருந்தா செலவழிச்சுப்புடுவேன். மாசாமாசம் என் பேருக்கு மணியார்டர் போடும்" என்றேன். முகம் இறுகிவிட்டது. "வேற யாருக்கும் வீட்டைப் பேசியிருந்தா நேரா சொல்லிருங்க அண்ணாச்சி." சந்தேகத்தில் நியாயம் உண்டு. பணத்தை முழுசாக வாங்கினால்தான் வீட்டுக்காரன் வாய் மூடும் என்பது குடியிருப்பவர்கள் அனுபவம்.

"நீரு திரும்பி வாரது வரைக்கும் அவ இங்கனதான் இருப்பா. வாடகை பிந்தினாலும் கேக்க மாட்டேன். ஆனா மணியார்டர் பாரத்துல சேதி எழுத விட்டிருக்க கூப்பன்ல ரெண்டு வரி எழுதாம வந்துச்சுன்னா, பணத்தைத் திருப்பி அனுப்பிருவேன்" என்றேன்.

"வாடகையோட கடுதாசியும் கேக்க வீட்டுக்காரரை இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே முடிச்சை எடுத்துக்கொண்டார்.

இப்போது வாடகை செல்போனில் வந்து விழுகிறது. பணத்தோடு ஒரு சொல்லும் வருவதில்லை. அன்று அவருடைய முதல் மணியார்டர் வந்தபோது, தபால்காரர் கிழித்துக் கொடுத்த கூப்பனை, இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணாச்சிக்கு வணக்கம். நான் நலம். மேற்கு ஜன்னல் கொண்டி சரியில்லை. மழை வந்தால் பிள்ளையை அந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டாம்."

என் பிள்ளைகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள்; படுக்க வைக்கிற வயசில் பிள்ளை பின்கட்டில்தான் இருந்தது.

"இன்னொரு மட்டம் வாசிங்க அண்ணாச்சி" என்றாள்.