வலது காலும் மூண்டு சீட்டும்

என்ரை மகளுக்கு எல்லாமே "நுல்"தான். நான் தைச்சுக் குடுத்த சட்டை நுல், என்ரை புட்டு நுல், தகப்பன் விடுற பகிடியும் நுல். இஞ்சை பிறந்த பிள்ளை, வாய் திறந்தால் பிரெஞ்சு. அந்தச் சொல்லுக்கு "ஒண்டுக்கும் உதவாதது" எண்டு அர்த்தம். அதுக்குச் சட்டத்திலையும் ஒரு அர்த்தம் இருக்கெண்டு 2016 நவம்பரிலை, ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிய வந்தது.

பாரிசிலை, லா சப்பல் பக்கம், ரூ பெர்தொனே எண்ட தெருவிலை எனக்கொரு சின்னத் தையல் கடை. 2009இலை திறந்தது. திறந்த நாளிலையிருந்து நான் வலதுசாரி. கடைக்கு வாற வரிக் கடதாசியளை நீங்கள் ஒரு வருசம் பிரிச்சுப் பாருங்கோ, நீங்களும் அப்பிடித்தான் ஆவியள். அதோடை, சொன்ன நேரத்துக்கு வாறது, வரிசையிலை ஒழுங்காய் நிக்கிறது, பெரியாக்களுக்கு எழும்பி இடம் விடுறது, இதெல்லாம் எனக்கு முக்கியம். என்ரை மனுசன் நேர் எதிர். ரெஸ்ரோறண்டிலை சமையல்காரர், தொழிற்சங்கக்காரர், வேலைநிறுத்தமெண்டால் கொடியோடை முதல் ஆளாய் நிப்பார். ஆனாலும் தீபாவளி நேரம் என்ரை கடை விலைத் துண்டெல்லாம் அவர்தான் எழுதித் தருவார். எங்கடை குசினியிலை கறி கொதிக்குதோ இல்லையோ, அரசியல் கொதிக்கும்.

ரண்டு பேருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை 2015 கடைசியிலை ஒண்டாய்த்தான் கிடைச்சது. ஊரிலை எனக்கு வோட் போடுற வயது வந்த நேரம் சண்டை, எலெக்சன் நாளிலை வீட்டை விட்டு வெளிக்கிடேலாது. அதாலை நாற்பத்தெட்டு வயதிலையும் நான் ஒரு வோட்டும் போடாத மனுசி. ஒருக்கா எண்டாலும் என்ரை வோட்டை ஆரும் எண்ண வேணும், அதுதான் என்ரை ஆசை.

2017இலை சனாதிபதி எலெக்சன். அதுக்கு ஆரை நிப்பாட்டுறது எண்டு பார்க்க வலதுசாரியள் முன்கூட்டியே ஒரு எலெக்சன் வைச்சினம். கட்சி ஆளாய் இருக்கத் தேவையில்லை. ரண்டு யூரோவைக் குடுத்து, வலதின்ரையும் நடுவின்ரையும் கொள்கை எனக்குச் சம்மதம் எண்ட கடதாசியிலை கையெழுத்து வைச்சால் சரி. ஏழு பேர் நிண்டவை. எனக்கு மூண்டு பேரைப் பிடிச்சுப் போச்சு. ஒருத்தர் ஆறுதலாய்க் கதைப்பார். ஒருத்தர் சின்னக் கடைக்காரரை மறக்கேல்லை. மற்றவர் டீவி விவாதத்திலை ஆரையும் இடையிலை குழப்பேல்லை. ஆரை விடுறது, ஆரைப் போடுறது எண்டு ஒரு மாதமாய் ஒரே புலம்பல். மனுசன் காதைப் பொத்திக்கொண்டு திரிஞ்சார்.

வோட் போடுற ஞாயிறு காலமை அவர் சென் தெனிச் சந்தைக்கு மீன் வாங்கப் போறனெண்டு பையோடை வெளிக்கிட்டார். வாசலிலை நிண்டு, "வலதுசாரியளிட்டைப் போறீர், வலது காலை முதல் வைச்சுப் போம்" எண்டார். உங்களுக்கு வாய் கூடிப் போச்சு எண்டு நான் கதவைச் சாத்தினன்.

வோட் போடுற பள்ளிக்கூடத்திலை வரிசை தெருமுனை மட்டும் நிண்டது. முன்னாலை நிண்ட வயதான மதாம் ஒருத்தி என்ரை சீலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. "இது வலதுசாரியளின்ரை வரிசை, மதாம்" எண்டா. "அப்ப சரியான வரிசைதான்" எண்டன். கொஞ்ச நேரத்தாலை இடையிலை பூர வந்த ஒரு ஆளை நான் பேசிப் பின்னுக்கு அனுப்பினன். அதோடை அவ என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினா.

திரைக்குப் பின்னாலை போய் நிண்டன். கையிலை ஏழு சீட்டும் ஒரு கடித உறையும். எனக்குத் தெரிஞ்ச எலெக்சன் எங்கடை ஊர் எலெக்சன்தான். அங்கை சனாதிபதி எலெக்சனிலை பிடிச்ச மூண்டு பேருக்கு 1, 2, 3 எண்டு விருப்பு வாக்குப் போடலாம். அட, இதுக்குத்தானே ஏழு சீட்டையும் தந்திருக்கிறாங்கள்! மூண்டு சீட்டை எடுத்து 1, 2, 3 எண்டு வடிவாய் எழுதி உறைக்கை வைச்சன். ஒரு மாதக் கவலை ஒரு நிமிசத்திலை தீர்ந்துபோச்சு.

மத்தியானம் சாப்பாட்டு மேசையிலை பெருமையாய்ச் சொன்னன். மகள் கரண்டியைக் கீழை வைச்சாள். "அம்மா, ஒரு சீட்டுத்தான் வைக்கோணும். எழுதவே கூடாது. சே நுல்! உண்மையாவே நுல்!" செல்லாத வோட்டுக்குச் சட்டத்திலையும் அதுதான் பேராம். மனுசன் சிரிப்பார் எண்டு பார்த்தன். அவர் தலை நிமிராமல் சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருந்தார். கொண்டு வந்த மீனும் சந்தை மீன் இல்லை, எங்கடை தெருக்கடையிலை வாங்கின ஐஸ் மீன். அதுக்கும் சேர்த்து நான் பேசினன்.

மனம் கேக்கேல்லை. பின்னேரம் ஏழு மணிக்கு வோட் எண்ணுறதைப் பார்க்கப் போனன். ஆர் வேணுமெண்டாலும் பார்க்கலாம். ஆள் காணாதெண்டு என்னையும் ஒரு மேசையிலை இருத்தினாங்கள். காலமை கண்ட அந்த மதாமும் எனக்குப் பக்கத்திலை. உறையைப் பிரிச்சுப் பேரை வாசிக்கிறது அவ, கோடு போடுறது நான். கொஞ்சத்தாலை ஒரு தடிச்ச, மொத்த உறை வந்தது. மூண்டு சீட்டு. 1, 2, 3. "இதென்ன, குதிரைப் பந்தயமோ?" எண்டு மதாம் கேட்க மேசையே சிரிச்சது. நானும் சேர்ந்து சிரிச்சன், வேறை என்ன செய்ய? செல்லாததெண்டு மேசையிலை இருந்த எல்லாரும் அதிலை கையெழுத்து வைக்கோணுமாம். என்ரை முதல் வோட் செல்லாதெண்டு நானே சாட்சிக் கையெழுத்து வைச்சன்.

பேனை மூட முதலே இன்னொரு மொத்த உறை. அதே மூண்டு பேர், நான் ஒரு மாதமாய்ப் புலம்பின அதே ஒழுங்கு, 1, 2, 3. அதிலை 3 மட்டும் மேலை தட்டையாய், கீழை வால் நீண்டு கிடந்தது. தீபாவளிக்குத் தீபாவளி என்ரை கடையிலை விலைத் துண்டு எழுதுற கையின்ரை மூண்டு அது. அதிலையும் நான் கையெழுத்து வைச்சன்.

வீட்டை வந்து கோட்டுக் கழட்ட முதலே கேட்டன். "இஞ்சாருங்கோ, சென் தெனியிலை மீன் என்ன விலை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "நீர் ஒரு மாதமாய்ப் பட்ட பாடு... உம்மடை ஒரு வோட் ரண்டாய் இருக்கட்டுமெண்டு போட்டனான்."

"வலதின்ரை கொள்கை சம்மதம் எண்ட அந்தக் கடதாசியிலையும் கையெழுத்து வைச்சனீங்களோ?"

"ஓம். சங்கத்து ஆக்களுக்குச் சொல்லிப் போடாதையும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிச்சுது. கடை திறந்த நாளிலையிருந்து என்னோடை மல்லுக்கட்டின மனுசன்! மகள் அறைக்குள்ளையிருந்து எட்டிப் பார்த்து, "ரண்டும் நுல்லா?" எண்டு கேட்டாள். பேந்து வந்து ரண்டு பேரையும் கட்டிப் பிடிச்சாள்.

அடுத்த ஞாயிறு ரண்டாம் சுற்று. மிஞ்சினது ரண்டு பேர்தான். நாங்கள் சேர்ந்தே போனம், ஆளுக்கொரு உறை, உறைக்கு ஒரு சீட்டு. பெட்டிக்கை விழேக்கை அங்கை இருந்த ஆள் "ஆ வொத்தே!", வோட் போட்டாச்சு, எண்டு உரத்துச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியிலை வந்த உடனை மனுசன் சொன்னார்: "இந்த முறை உம்மடை ஆளுக்கு எதிராய்ப் போட்டனான்."

"போடுங்கோ," எண்டன். "எண்ணுவாங்கள்தானே, எனக்கு அது காணும்."