எடைக்கு எடை வெல்லம்

புத்தூர் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடம் அது. எனக்கோ ஐந்து வயது மகளின் எடைதான் கவலை. என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. பிரசவத்தில் இரண்டு உயிரும் பிழைத்தால், குழந்தையின் எடைக்கு எடை வெல்லம் தருவதாகத் திருமலையானை வேண்டியிருந்தேன். தராசு நன்றாகத் தாழ வேண்டுமென்று ஒரு மாதமாக நெய்ச்சோறும் வெல்லமுமாக ஊட்டினேன்.

“போதும் நைனா, வயிறு ரொம்பிப் போச்சு.”

“சாமிக்கும்மா. இன்னும் ஒரு வாய் துன்னு.”

துலாபார வரிசையில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அம்மாள் சித்தூரில் நர்ஸாம். என் மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

“மாசமா இருக்கச்ச உனக்கு சர்க்கரை இருந்துச்சா?”

அவள் தலையசைத்தாள்.

“அப்படிப் பொறந்த புள்ளைங்களுக்குப் பின்னாடி ஒடம்பு பெருக்கலாம், சர்க்கரையும் வரலாம். வந்தே தீரும்னு இல்ல. அளவா குடுங்க, ஓடியாட வுடுங்க, அப்பப்ப டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அவர் குரலில் கண்டிப்பே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

தராசு தாழ்ந்தது. எல்லோரும் ‘கோவிந்தா’ என்றார்கள். வேண்டிப் பெற்ற பிள்ளையை, வேண்டுதலின் பேரால் நானே கெடுத்துக்கொண்டிருந்தேனே!

மலையிறங்கும்போது வழக்கம்போல் இடுப்பில் தூக்கியவன், முதல் படியிலேயே அவளை இறக்கிவிட்டேன். தயங்கித் தயங்கி நாலு படி வைத்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள்.

“நைனா, இன்னா நின்னுக்கினு இருக்க? வா!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வேண்டிக்கொண்டேன். இவள் ஓடிக்கொண்டே இருக்கட்டும் சாமி, மூச்சு வாங்கிக்கொண்டு நான் பின்னால் வருகிறேன்.