நல்ல நாட்களை நாங்கள் எழுதவில்லை

நடந்தது இதுதான்:

1. சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் கணக்குப் பாடம் எடுத்துவந்த என் அண்ணன், விடைத்தாள்களை எங்கோ வைத்து மறந்தான். ஒரு கணக்கைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குத் தாவினான். நிர்வாகம் எச்சரித்தது.
2. திருப்பதியில் ஒரு மனநல மருத்துவரிடம் அவனை அழைத்துப்போனேன். என் கையில் நாற்பத்தொரு குறைகளின் பட்டியல் இருந்தது.
3. கவனக்குறைபாடாக இருக்கலாம் என்று மருத்துவர் மாத்திரை தொடங்கினார்.
4. மூன்றாவது வாரம் அண்ணனின் தூக்கம் நின்றது.
5. ஐந்தாவது வாரம், ஞாயிறு ஆராதனையின் நடுவில், போதகரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி ஒன்றேகால் மணி நேரம் பேசினான். நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். அவனுடைய மாணவர்கள் சிலரும் அங்கே இருந்தார்கள்.
6. அது கவனக்குறைபாடு அல்ல, இருமுனைக் கோளாறு என்று சித்தூரில் இன்னொரு மருத்துவர் சொன்னார்.

சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. என்ன பழுது, எத்தனை முறை என்று அதில் எழுதுவோம். ஒழுங்காக ஓடிய நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அண்ணனுக்கும் அப்படித்தான் எழுதினேன். சாவியைத் தொலைக்கிறான், பேச்சில் குறுக்கிடுகிறான், உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை, தொடங்கியதை முடிப்பதில்லை. எதுவும் பொய் இல்லை. அன்று மருத்துவர் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இதப் படிச்சா நானே என்ன வேலைக்கி வெச்சிக்க மாட்டேன் சார்" என்று தெலுங்கில் சொன்னான். மருத்துவரும் சிரித்தார்.

பிறகு அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். சில நாட்கள் தூக்கமே இல்லாமல், ஆனாலும் களைப்பு தெரியாமல், வழக்கத்தை மீறிய உற்சாகத்தோடு இருந்திருக்கிறாரா? எங்களோடு வந்திருந்த அம்மா உடனே இல்லை என்று தலையாட்டினாள். நான் திரும்பிப் பார்த்ததும், தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அது கர்த்தர் குடுத்த நாளுடி. அதப் போயி டாக்டராண்ட நோவுன்னு சொல்லுவாங்களா?"

அம்மா எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பட்டப்படிப்பு முடிந்த வருடம் அண்ணன் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சோற்றைத் தட்டில் வைத்தால் அது காய்ந்துபோகும்வரை அப்படியே இருக்கும். சபையின் பெண்கள் ஐக்கியம் அவனுக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் திடீரென்று எழுந்தான். ஒரே வாரத்தில் பதினோரு பாட்டு எழுதி, கீபோர்டில் மெட்டும் போட்டான். சபைக் கோயிலின் ஜன்னல்கள் அத்தனையையும் தனியாகக் கழுவினான். வெயிலில் வீடு வீடாகப் போய் ஜெபித்தான். இரண்டு மணி நேரம் தூங்கினால் அவனுக்குப் போதுமாக இருந்தது. அம்மா ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் மகனை எழுப்பினார் என்று சாட்சி சொன்னாள். பலர் அழுதார்கள், நானும் அழுதேன். ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று எல்லோரும் கொண்டாடியதை, நோயின் மறுபாதி என்று எங்களில் யார் நினைப்போம்? அதன்பிறகு மூன்று முறை விழுந்தான், மூன்று முறை எழுந்தான். மூன்று முறையும் அம்மா சாட்சி சொன்னாள்.

திருப்பதியில் அந்த மேசைக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மாவின் சாட்சியைப் பொய்யாக்க மனம் வரவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சாதாரணமானது. அந்த நாட்கள் பழுதுகளின் கணக்கில் வரும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது மருத்துவர் என் பட்டியலைப் படிக்கவில்லை. அண்ணன் பள்ளியில் எப்படி இருந்தான் என்று கேட்டார். நோட்டுகளுக்கு அட்டை போட்டு அடுக்கிவைக்கிறவன், ஒருநாளும் பேனாவைத் தொலைக்காதவன் என்றேன். கவனக்குறைபாடு சிறுவயதிலேயே தொடங்கி ஏறக்குறைய எல்லா நாளும் கூடவே இருக்கும், இருமுனைக் கோளாறு அலைபோல வந்து போகும், அலை உயரும்போது பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்றார். தாளைத் திருப்பி, வருடங்களைக் குறித்து, அண்ணன் ஏறியதையும் இறங்கியதையும் கோடாக வரையச் சொன்னார். எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு மேடுகள் வந்தன, நான்கிலும் அம்மாவின் சாட்சி இருந்தது. ஐந்தாவது மேடு மாத்திரையால் தூண்டப்பட்டிருக்கலாம் என்றார்.

அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தான், பேச்சு மெதுவாகத்தான் வந்தது. மேடுகளின் மேல் விரலை வைத்தான்.

"பாப்பா, இதயும் நோவுல சேத்துட்டியா? எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்."



பெயர் சரியாகத் தெரிந்தால் மீதி சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகவில்லை. காலேஜில் அவன் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். சபையார் அன்பாகத்தான் விசாரிக்கிறார்கள், ஆனால் பிள்ளைகளை அவனிடம் பாட்டு கற்க அனுப்புவதில்லை. அம்மா சாட்சி சொல்வதை விட்டுவிட்டாள், ஜெபிப்பதை விடவில்லை. அவன் எழுந்து நடமாட வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்கவும் இப்போது பயமாக இருக்கிறது என்கிறாள்.

அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குகிறான், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. இன்னும் இரண்டு மருந்துகளை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். மறுபடி படுத்து இது நான்காவது மாதம். அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.