மூன்றாம் முடிச்சில் நிறுத்தவும்

ஒசாகாவில் என்னோடு வேலை பார்க்கும் தனாகா, என் தம்பியின் கல்யாண வீடியோ சிடியை முதல் காட்சியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்த்தார். மணப்பெண் மேடைக்கு வந்ததும் எழுந்து திரைக்கு ஒரு வணக்கம் வேறு வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் எவரும் கல்யாண கேசட்டை அப்படிப் பார்த்தது கிடையாது. எண்பதுகளில் டெக்கை வாடகைக்கு எடுத்து வந்தால் தெருவே கூடிவிடும். "ஏலே, அங்கன நிறுத்து. அது வத்திராயிருப்பு மாமாதானே? அவிய வரலைன்னுல்ல சொன்னாங்க? பந்தியத் திருப்பிப் போடு." பின்னால் ஓட்டினால் மாமாக்கள் வாயிலிருந்து வடையை எடுத்து இலையில் வைப்பார்கள், அதற்கென்றே மறுபடி மறுபடி ஓட்டுவோம். யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர் முகத்தை எப்படி வைத்திருந்தார் என்பதுதான் எங்களுக்குக் கல்யாணம். தாலி கட்டுவது நடுவில் வரும்.

இந்த முறை வராதவள் நான். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் கம்பெனியின் புது வீடியோ சிடி பிளேயரைக் கண்காட்சியில் வைத்த அதே வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி முருகேசனுக்குக் கல்யாணம். விடுப்புக் கிடைக்கவில்லை. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவனுடைய அக்காள் தங்கைதான் போட வேண்டும். "ஒனக்கு வேலதான் பெருசுன்னா அங்கனயே கெட. ஒன் முடிச்ச சித்தப்பா மக செல்வி போடுவா" என்று போனை வைத்தவன்தான், பிறகு பேசவே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் அம்மா, "இப்பத்தான் குளிக்கப் போனான்" என்பாள்.

"எம்புட்டு நேரம்மா குளிப்பான்?"

"செத்த பொறுத்துக் கூப்பிடு."

சிடி மட்டும் வந்தது. அவன் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிளேயரில் பின்னோக்கிப் போகும் பொத்தான் மட்டும் இன்னும் தகராறு செய்தது. சோதிப்பதற்கு அசைவு அதிகமுள்ள படம் வேண்டும் என்றார் தனாகா. எங்கள் ஊர்க் கல்யாணத்தைவிட வேறென்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

தாலி கட்டும் இடத்தில், அட்சதை மழையில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது.

"சிடியில் கீறலா?" என்றார்.

"இல்லை, அரிசி."

"பின்னால் நின்று முடிச்சுப் போடும் பெண்ணும் அவரைத்தான் மணக்கிறாரா?"

"ஐயோ, அவள் தங்கை முறை. அந்த இடத்தில் நான் நிற்க வேண்டியது."

தனாகா எழுந்து எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

நொடிக்கு இருபத்தைந்து படங்களைச் சிடியில் அடங்கச் சுருக்கிய வீடியோ என்பது அம்மாவின் போன் பேச்சு மாதிரி. எப்போதாவதுதான் எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் "மத்தபடி போன தடவ சொன்னதுதான்" என்று மாறியதை மட்டும் சொல்லும். வேகமாக ஓட்டினால், அப்படி முழுசாகச் சொன்ன படங்களில் மட்டுமே கால் வைத்துத் தாவ முடியும். நடுவில் நடந்தது போச்சு. ஒரே ஒரு படம் பின்னால் போவதற்கும், முந்தைய முழுப் படம் வரை ஓடிப்போய், அங்கிருந்து ஒவ்வொன்றாக நடந்து வர வேண்டும். அதற்கான நிரலைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதைப் போட்டு ஒவ்வொரு படமாகப் பின்னால் வந்தேன். அட்சதை தரையிலிருந்து எழும்பிக் கைகளுக்குத் திரும்பியது. இரண்டு முழுப் படங்களுக்கு நடுவே, பட்டு வேட்டியும் மாலையுமாக, முருகேசன் கேமராவை நேராகப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தான்.

அடப் படவா! சின்ன வயதில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும்போது, முதலில் பழிப்புக் காட்டுகிறவர் சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். மண்டபத்தில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். கல்யாணத்தை ஒவ்வொரு படமாகப் பார்க்கிற கிறுக்கச்சி உலகத்தில் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பொத்தான் வேலை செய்கிறதா?" என்றார் தனாகா.

படத்தை அங்கேயே நிறுத்தி, நாக்கை முழுசாக நீட்டித் திரையைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன். தம்பியின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று செல்வி என் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்.