சிவந்துபோன வெள்ளை வட்டம்

பிரியமானவர்களே, பயந்தே பிழைத்தவன் நான். வாசலைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ராயபுரத்தில் இருந்துகொண்டு டிரெய்லர் ஓட்டுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செத்துப் பிழைத்தேன்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு மைக்ராஸ்கோப் ஏற்ற வேண்டும் என்றார் முதலாளி. பள்ளிக்கூடத்து மேசையில் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். வந்ததோ ஆளைவிட உயரமான மரப்பெட்டிகள். கிருமியை நொடியில் உறையவைத்து, அதன் உருவத்தை எலக்ட்ரானால் படம் பிடிக்கிற கருவியாம். அதை வாங்க ஒரு பேராசிரியை அம்மா வருடக்கணக்காக அலைந்திருக்கிறார். அதை வைத்துப் படிக்க மாணவர்கள் காத்திருந்தார்கள்.

பெரிய பெட்டியின் முன்பக்கத்து உச்சியில் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருந்தது. பெட்டி பலமாகக் குலுங்கினால் அது சிவந்துவிடும். சிவந்தால் வாங்க மாட்டார்கள். வந்த நாட்டுக்கே திரும்பிப் போகும். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அருளு, அது செவந்துச்சுன்னா வண்டிய அங்கியே வுட்டுட்டு வூட்டுக்குப் போயிரு" என்றார்.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று பயம். செபம்கூட உதடு அசையாமல்தான் செய்வேன்.

திருவொற்றியூர் குடோனில் விடியற்காலையில் ஏற்றினோம். கிரேன் மேஸ்திரி மணியண்ணன் எப்போதும் போலச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கொக்கியை மாட்டினார். அப்போது நான் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பெட்டிக்குத் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. இனி வட்டத்தைப் பார்க்க முடியாது.

கன்டெய்னர் லாரிகள் தின்றுபோட்ட ரோடு. பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக்கை மிதித்து ஊர்ந்தேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் தடாலென்று இறங்கி ஏறியது. வண்டியை ஓரங்கட்டினேன். ஏறிப்போய்த் தார்ப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கூட வந்த மணியண்ணன், "இன்னாபா, பெட்டிக்கு ஜூரமா? தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கீற" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் தார்ப்பாயை அவிழ்த்தோம். வட்டம் சிவப்பாக இருந்தது.

கம்பெனியிலிருந்து வந்த வடநாட்டு இன்ஜினியர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். பெட்டியை இறக்க அங்கே காத்திருந்த கிரேனைக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பேராசிரியை அம்மா யாரையும் திட்டவில்லை. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

நான் டிரெய்லருக்குப் பின்னால் போய் முழங்காலில் விழுந்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாதாவே, அந்த வெள்ள வட்டம் செவந்துபோச்சே. பள்ளத்துல உட்டது நான்தானே. அந்தம்மா மூஞ்சிய நான் எப்டிப் பாப்பேன்."

சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மணியண்ணன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது.

"இன்னா வட்டம்? பெட்டி மேல இருந்துதே, அதுவா? அது நான் வெச்ச குங்குமம்பா. பொட்டு வெக்கத்தான் எடம் வுட்டுகிறாங்கன்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மணியண்ணன் சொன்னதை அம்மா கேட்டார், எழுந்தார், இன்ஜினியருக்கு எடுத்துச் சொன்னார். அவர் நம்பாமல்தான் ஏணியில் ஏறினார். குங்குமம் பனியில் நனைந்து அப்பிக்கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தார். விரல் சிவந்தது. வட்டம் வெளுத்துக்கொண்டே வந்தது. டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிரேன்காரரைப் பார்த்து, இறக்கச் சொல்லிக் கையசைத்தார்.

பேராசிரியை அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

பிற்பாடு எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கருவியைக் காட்டினார். திரையில் ஒரு கிருமி, ஈ மொய்த்த லட்டு மாதிரி. மாணவர்கள் சுற்றிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணியண்ணன் குனிந்து பார்த்துவிட்டு என் காதில், "ஜூரம் இவனுக்குத்தாம்பா" என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

பயம் இன்னும் வருகிறது. ஆனால் இப்போது வாய்விட்டுச் செபிக்கிறேன். வண்டியில் தனியாக இருந்தாலும் சத்தமாகத்தான். மாதா அன்று என் வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்தப் பெட்டி கப்பலேறியிருக்கும். உங்கள் நெஞ்சில் பூட்டிவைத்திருப்பதை இன்றைக்கே அவளிடம் வாய்திறந்து சொல்லுங்கள். கேட்க வேண்டியவரை அவள் உங்கள் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பாள்.