ஐந்தாவது கேள்வி

1. படி திரும்புகிற இடம்

படூரில் ஓர் அபார்ட்மெண்ட். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் சிக்கி நின்றது. பெட்டிக்கு மேல்பக்கம் நான். கீழ்ப்பக்கம் எங்கள் வேன் டிரைவர் ஏகாம்பரம். பெட்டிக்குள் படுக்க வேண்டியவர் மூன்றாவது மாடி ஹாலில் பாயில் படுத்திருந்தார். சித்திரை வெயில். மணி பதினொன்று.

"தணிகாண்ணே, இன்னா பண்லாம்?" என்று ஏகாம்பரம் கீழேயிருந்து கேட்டான்.

"இரு, யோசிக்கிறேன்" என்றேன்.

யோசிக்க வேண்டியதைக் காலையில் கடையிலேயே யோசித்திருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. சுவரில் நாலு கேள்வி

நான் படித்த மெக்கானிக் இல்லை. அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைக் கழற்றிக் கழற்றிக் கற்றுக்கொண்டவன். செங்கல்பட்டில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிற கடையில் கம்ப்ரசர் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதல் நாள் ஓனர் சொன்னார்: "ஃபிரிட்ஜுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசந்தான் தணிகா. இத யாரும் தொறந்து தொறந்து பாக்க மாட்டாங்க."

அவர் சொன்னது தப்பு. எல்லாரும் திறப்பார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்க்க, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியை வைக்க, கலைந்த முடியைச் சரிசெய்ய. ஒவ்வொரு தடவையும் குளிர் இறங்கும். திறக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கே அவர் சொன்ன இன்னொன்று சரி. "பொட்டிய எடுத்துனு கெளம்பும்போது யார்கிட்டயும் போய்ட்டு வரேன்னு சொல்லாத. சாவு வூடு. சும்மா கெளம்பிடு." நம் வாய்க்கு அது எவ்வளவு பழகிய சொல் என்று அதைச் சொல்லாமல் இருக்கும்போதுதான் தெரியும். முதல் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

கடைச் சுவரில், போன் இருக்கிற மேசைக்கு மேலே, ஓனர் நாலு கேள்வி எழுதி ஒட்டியிருந்தார். ஆள் என்ன உயரம்? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? தனி பிளக் பாயிண்ட் இருக்கிறதா? எப்போது எடுக்கிறார்கள்? இந்த நாலையும் கேட்காமல் வண்டி கிளம்பக் கூடாது.

கடையில் இரண்டு பெட்டி. ஒன்று ஒரே உடம்பு. கம்ப்ரசர் அடியிலேயே இருக்கும், கண்ணாடி மூடி மட்டும்தான் தனியாக வரும். மற்றது இரண்டு பாகமாகக் கழற்றி மாட்டுவது. மாடி வீடுகளுக்கென்றே வாங்கியது.

படூருக்குப் போன அன்று விடிந்ததும் முதல் போன் கருங்குழியிலிருந்து. தரையோடு தரையாக இருக்கிற வீடு. கழற்றுகிற பெட்டி ஷட்டர் பக்கத்தில் நின்றது. உள்ளே இருக்கிறதை இழுக்கச் சோம்பல்பட்டு அதையே இன்னொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். தப்பு அங்கேயே ஆரம்பம்.

3. கீது

அடுத்த போன் படூரிலிருந்து. பேசியவர் பலராமன். இறந்தவருடைய மச்சான்.

"ஆள் என்னா உயரம்ங்க?"

"நல்ல உயரம். கவுர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. குனிஞ்சினேதான் டிக்கெட் குடுப்பாரு."

"எத்தனையாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட் கீதா?"

"கீது, கீது. பெரிய அபார்ட்மெண்டு நைனா."

கீது என்றதும் என் மனசு அடங்கிவிட்டது. அது எத்தனை பேர் ஏறுகிற லிஃப்ட் என்று கேட்கவில்லை. ஓடுகிறதா என்றும் கேட்கவில்லை.

அப்புறம் போனை ஓர் அம்மா வாங்கினார். கண்டக்டரின் சம்சாரம், ரஞ்சிதம்மாள். குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது.

"தம்பி, எம் பொண்ணு மஸ்கட்லர்ந்து வரணும். நாளைக்குக் காலைலதான் வரும். அதுவரிக்கும் இவர வூட்லயே, என் பக்கத்துலயே வெச்சிக்கணும். ஆவுமா?"

"வெச்சிடலாம்மா. மேல கொண்டாந்து வெக்கறது என் பொறுப்பு. கவலப்படாதீங்க."

யாரும் கேட்காத வாக்குறுதியை நானாகவே சேர்த்துக் கொடுத்தேன்.

திருப்போரூர் வழியாகப் படூர் போய்ச் சேர்ந்தோம். லிஃப்ட் இருந்தது. நாலு பேர் நிற்கிற அலமாரி மாதிரி. கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அட்டையே வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

"லிஃப்ட் ஓடலியேங்க" என்றேன் பலராமனிடம்.

"லிஃப்ட் கீதான்னுதான கேட்ட? கீது பாரு."

அந்த லிஃப்ட் நின்று எட்டு மாதம். ரஞ்சிதம்மாளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. எட்டு மாதமாக அவர் தரையை மிதிக்கவில்லை. காய்கறி, மாத்திரை, பால் பாக்கெட் எல்லாம் கண்டக்டர்தான் ஏறி இறங்கிக் கொண்டுவந்தார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

4. உள்ள போ

கண்ணாடி மூடியை முதலில் தூக்கினோம். அது சுலபமாக மேலே போய்விட்டது. ரஞ்சிதம்மாள் தன் சேருக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். அப்புறம் பெட்டி. இரண்டாவது மாடி தாண்டித் திரும்பும்போது கம்ப்ரசருக்கு அடியில் இருக்கிற இரும்புக் கால், கைப்பிடியின் இரண்டு கம்பிக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டது. மேலே இழுத்தால் சுவர் இடிக்கிறது, கீழே தள்ளினால் கம்பி பிடிக்கிறது.

படி அடைபட்டது. மேளக்காரர்கள் இரண்டு பேர் டீ கேட்க மேலே போயிருந்தார்கள், அவர்களால் இறங்க முடியவில்லை. மாலை வாங்கி வந்தவர்களால் ஏற முடியவில்லை. மேளம் மேலே, மாலை கீழே.

அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். முதலில் கைப்பிடியைத்தான் பார்த்தார்.

"பெரிய சாமான் ஏத்தறதுன்னா ஒரு நாள் முன்னாடி லெட்டர் குடுக்கணும் சார்."

மாலையோடு நின்ற ஒருவர் திரும்பினார். "அப்போ நேத்தே உன்கிட்ட லெட்டர் குடுத்துட்டுச் செத்திருக்கணும்ன்ற?"

"ரூல சொன்னேன்."

"லிஃப்ட ரிப்பேர் பண்ண ரூல் இல்லியா உன்கிட்ட?"

செக்ரட்டரி மறுபடியும் கைப்பிடியைப் பார்த்தார். மேல்பக்கம் எவ்வளவு சேதம் என்று பார்க்க வேண்டும் என்று, பெட்டிக்கு அடியில் இருந்த இடுக்கில் தவழ்ந்து நுழைந்தார். பாதி வந்ததும் அவருடைய பேண்ட் பெல்ட் பெட்டியின் இரும்புக் காலில் மாட்டிக்கொண்டது. தலை என் பக்கம், கால் ஏகாம்பரம் பக்கம். மேளக்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கீழேயிருந்து ஏகாம்பரம் தள்ளினான். அவருக்குப் பின்னால் நின்ற யாரோ, "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத" என்று கண்டக்டர் குரலில் சொன்னார்கள்.

அவ்வளவுதான், சிரிப்பு வெடித்துவிட்டது. மேளக்காரன் சிரித்தான், மாலைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். சாவு வீட்டுப் படியில் நின்று சிரித்தேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறாங்க?" என்று மேலேயிருந்து ரஞ்சிதம்மாள் குரல் வந்தது.

எல்லாரும் கப்பென்று அடங்கினோம். என் பக்கம் நின்ற பலராமன் மேலே போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பிறகு அந்த அம்மா சொன்னது படி வரைக்கும் கேட்டது.

"முப்பது வருசம் உள்ள போ, உள்ள போன்னு ஊர் ஜனத்தையெல்லாம் அடைச்ச மனுசன். இன்னிக்கு அவுரு போவ எடமில்ல பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. காலையிலிருந்து அவர் அழவில்லையாம். அப்போதுதான் அழுதாராம். செக்ரட்டரி தானாகவே பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக இறங்கிப் போனார்.

5. அவுரு கீழ, நான் மேல

கைப்பிடியில் ஒரு கம்பியை ரம்பத்தால் அறுத்தோம். பெட்டி விடுபட்டது. ஆனால் அந்தத் திருப்பத்தை எப்படிச் சாய்த்தாலும் அது தாண்டாது என்று தெரிந்துவிட்டது. கழற்றுகிற பெட்டி கருங்குழியில் ஒருவருக்குக் குளிர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது.

பலராமன் சொன்னார்: "வெயில் தாங்காது. சாயங்காலமே எடுத்துடலாம். பொண்ணு நாளைக்கு வந்து படத்தப் பாத்துக்கட்டும்."

நான் மேலே போய் ரஞ்சிதம்மாள் முன்னால் நின்றேன். "அம்மா, கீழ பார்க்கிங்ல வெச்சிடலாம். காலைல வரிக்கும் தாங்கும். பொண்ணு மூஞ்சியப் பாக்கும்."

"அவுரு கீழ, நான் மேலயா?"

"நீ பால்கனிலர்ந்து பாருக்கா" என்றார் பலராமன்.

அந்த அம்மா தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "மேல கொணாந்து வெக்கறது என் பொறுப்புன்னு சொன்னியேப்பா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டாமல் சொன்னார்.

பெட்டியை இறக்கிவிட்டு, கண்டக்டரை வேட்டியில் ஏந்திக் கீழே கொண்டுபோனோம். பிறகு பிளாஸ்டிக் சேரோடு அந்த அம்மாவைத் தூக்கினோம். முன்னால் நானும் ஏகாம்பரமும், பின்னால் மேளக்காரர்கள். திருப்பத்தில் நிறுத்தச் சொல்லி, அறுத்த கம்பியின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். "எட்டு மாசமா எறங்கணும் எறங்கணும்னு சொல்லினு இருந்தேன். இதுக்கா எறங்கணும்?" என்றார். எங்களைக் கேட்கவில்லை. ஆனாலும் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

பார்க்கிங்கில் அவர்களுக்கென்று ஒரு இடம் உண்டு. கண்டக்டரின் மொபெட் நிற்கிற இடம். அதை நகர்த்திவிட்டுப் பெட்டியை வைத்து, மேலே போன கண்ணாடி மூடியையும் இறக்கினோம். வாட்ச்மேன் ரூமிலிருந்து வயர் இழுத்தேன். சாய்த்துத் தூக்கிய பெட்டியை உடனே ஆன் பண்ணினால் கம்ப்ரசர் போய்விடும், இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். அதுவரைக்கும் ஐஸ் வேண்டும் என்று ஏகாம்பரம் கோவளத்துக்கு ஓடினான். அங்கே ஐஸ் உடைக்கிறவர், "என்னா மீனு?" என்று கேட்டிருக்கிறார். இவன் முகத்தைப் பார்த்ததும் அவரே புரிந்துகொண்டு, நல்ல கட்டியாக எடுத்து இவனோடு சேர்ந்து வேனில் ஏற்றிவிட்டாராம்.

மறுநாள் காலையில் போனபோது ரஞ்சிதம்மாள் அதே சேரில், ஒரு கையைக் கண்ணாடி மேல் வைத்தபடி இருந்தார். காருக்கு நடுவில், ஆயில் கறைக்குப் பக்கத்தில். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து இருந்தவர்களின் கடைசி ராத்திரி அங்கே கழிந்தது. நான் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டதால் கழிந்தது.

மகள் கௌரி வந்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். எடுத்தார்கள்.

பெட்டியைத் துடைத்து வேனில் ஏற்றிவிட்டு அந்த அம்மாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"போய்ட்டு வரேம்மா."

பக்கத்தில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டான். ரஞ்சிதம்மாள் மட்டும் நிதானமாகச் சொன்னார்:

"வா. பொட்டிய எடுத்துனு வராத."

6. கையைக் காட்டு

வரச் சொன்னதால் போனேன். முதலில் அறுத்த கம்பியை வெல்டிங் வைக்க. அப்புறம் அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு கேஸ் ஏற்ற. அப்புறம் காரணமே இல்லாமல். கதவைத் திறந்ததும், "கையக் காட்டு" என்பார். இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டுவேன். "சரி, உள்ள வா" என்பார். டீ குடித்துவிட்டு வாய் நிறைய 'போய்ட்டு வரேம்மா' என்று சொல்லிக் கிளம்புவேன். என் தொழிலில் அதைச் சொல்லக் கிடைத்த ஒரே வாசல் அது.

கடைச் சுவரில் லிஃப்ட் கேள்வியைத் திருத்தினேன். ஓடுகிறதா, எத்தனை பேர் லிஃப்ட் என்று சேர்த்தேன். அதற்கும் கீழே ஐந்தாவதாக ஒன்று எழுதினேன்: 'படி இறங்க முடியாதவர் வீட்டில் யாராவது உண்டா?' புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்கிறார்கள். நாம் பெட்டியை அளக்கிறோம், படியை அளக்கிறோம். பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவரை அளப்பதில்லை. எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

போன மார்கழியில் ஒரு காலை போன் வந்தது. படூர் என்றார்கள். வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன்.

"எத்தனையாவது மாடிங்க?"

"மூணாவது மாடி. நான் கௌரி பேசறேண்ணா."

நான் அடுத்த கேள்விக்கு வருவதற்குள் அவளே சொன்னாள்.

"லிஃப்ட் இப்ப ஓடுதுண்ணா. ஆனா மேல வேணாம். அம்மா போன மாசமே சொல்லிட்டாங்க. 'பொட்டிக்காரன் பாவம், படில மாட்டிக்கும். அப்பா இருந்த எடத்துலயே என்னையும் வைங்க'ன்னு."

உயரம் எனக்குத் தெரியும். பிளக் பாயிண்ட் தெரியும். எப்போது எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஐந்தாவது கேள்வியைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் படி இறங்க முடியாமல் இருந்தவர் ஒருவர்தான்.